மண்டபச் சாவியைக் கேட்டு ஒரு திறந்த மடல்

எங்கள் பங்குத் தந்தைக்கும், பங்குச் சபையில் இருக்கிற அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும்,

தோத்திரம். இதை முதலில் தனிக் கடிதமாகத்தான் எழுதி மிஷன் வீட்டில் கொடுத்தேன். மூன்று கிழமையாகப் பதில் இல்லை. நேரில் கேட்டால் "பார்ப்போம் டீச்சர்" என்கிறீர்கள். நீங்கள் பார்ப்பதற்குள் கதை வளர்ந்துவிட்டது. நம் டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷனில், கோவில் மண்டபத்தில் யோகா செய்கிற பெண்களான எங்களுக்குச் சாமி வந்து ஆடினதாகப் பேச்சு. மேல் டிவிஷனில், நாங்கள் மண்டபத்துச் சிலுவையைத் துணியால் மூடிவிட்டுச் சூரியனைக் கும்பிட்டோமாம். (ஆனி ஆடியில் இந்தப் பக்கம் சூரியனைக் கண்டவர் யார், கும்பிடுவதற்கு?) அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபமில்லாமல் எழுதுகிறேன் என்று சொல்ல ஆசைதான், கொஞ்சம் இருக்கிறது.

ஜூன் 21 உலக யோகா தினம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு நிகழ்ச்சி வைத்தோம். அந்தப் படம் எல்லார் போனுக்கும் போனது, கூடவே யாரோ ஒரு போதகரின் குரல் பதிவும் போனது, யோகா செய்கிறவர் பிசாசு நுழைய வாசலைத் திறந்து வைக்கிறார் என்று. அடுத்த ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தல் வாசிக்கும்போது, இளைஞர் கூட்டத்துக்கும் பெருநாள் வரிக்கும் நடுவில் ஒரு வரி: மண்டபத்தில் யோகா இனி நடக்காது, அது நம் விசுவாசத்துக்குப் பொருந்தாது. அவ்வளவுதான். சாவி மிஷன் வீட்டுக்குப் போய்விட்டது. ஒரு வருசத்துக்கு மேலாக அங்கே வந்துபோன 17 பெண்களில் ஒருவரிடமாவது என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சபையில் இருக்கிற இரண்டு அண்ணன்மாரின் வீட்டுக்காரிகளும் அந்த 17 பேரில் உண்டு, வீட்டிலாவது கேட்டிருக்கலாம்.

கேட்காததால் நானே சொல்கிறேன்.

தொடங்கியது என் அம்மாவால். அம்மா 36 வருசம் கொழுந்து எடுத்தவர். 18 கிலோவுக்குக் குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், என்ற கணக்குக்குள், இடுப்பில் படங்கு கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறி இறங்கியவர். அவருடைய உச்சிக்குச் சற்று முன்னால், கயிறு கிடந்த இடத்தில், விரல் வைத்தால் இறங்குகிற மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. தலை வாரிவிடும்போது சீப்பு அங்கே ஒருமுறை தட்டி நிற்கும். வேலையை விட்ட பிறகு அம்மாவுக்கு இருந்த ஒரே ஆசை, பூசையில் எழுந்தேற்ற மணி அடிக்கும்போது மற்றவர்களைப் போல முழங்காலில் நிற்க வேண்டும் என்பது. முழங்கால் மடங்கவில்லை, மடங்கினால் இடுப்பு விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொள்வார். டிஸ்பென்சரியில் பனடோல், வீட்டில் சித்தாலேப, தோட்டத்தில் முதுகுவலிக்கு அதற்கு மேல் என்ன மருந்து இருக்கிறது?

மாரியம்மன் கோவிலடி லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிற அக்காவை உங்களுக்கும் தெரியும். கொழும்பில் வீட்டு வேலைக்கு இருந்த காலத்தில், அந்த வீட்டு வயசான அம்மாவுக்குத் துணையாக வகுப்புக்குப் போய்ப் போய்த் தானும் யோகா கற்றுக்கொண்டவர். அவர்தான் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். முதலில் மூச்சு மட்டும். அப்புறம் சுவரைப் பிடித்து நிற்பது, கதிரையில் இருந்தபடி முதுகைத் திருப்புவது. எட்டு மாதம் கழித்து, பெரிய வியாழன் இரவு ஆராதனையில் அம்மா முழங்காலில் நின்றார். ஒரு நிமிடம்கூட இருக்காது, நான் விழுந்தால் பிடிப்பதற்குக் கையை நீட்டிக்கொண்டே நின்றேன், பிடிக்க வேண்டி வரவில்லை. இதைப் புதுமை என்று நான் சொல்ல வரவில்லை, மூட்டை அசைத்தால் அசையும், அதுதான். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா சொன்னார், "இத்தன வருசம் இந்த ஒடம்ப தொரைக்குக் குடுத்தேன், இன்னைக்குத்தான் ஆண்டவருக்குக் குடுத்தேன்" என்று.

அதைக் கேட்டுத்தான் மற்றப் பெண்கள் வந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து, கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க மலைக்குப் போகாதவர்கள் மண்டபத்தில் தங்குவோம். யோகா பாய் வாங்க எங்களுக்கு ஏது காசு, கழுவிக் காயவைத்த உரப்பையை இரண்டாக மடித்து மேலே பழைய கம்பளியை விரித்தால் சிமெந்துக் குளிர் பாதி குறையும். முதலில் சிலுவை அடையாளம். வாசிக்கத் தெரிந்த ஒருவர் அன்றைய நற்செய்தியை மறுபடி மெதுவாக வாசிப்பார். பிறகு கழுத்து, தோள், இடுப்பு, கால். மூச்சை உள்ளே இழுக்கும்போது மனதுக்குள் "ஆண்டவரே", விடும்போது "இரக்கமாயிரும்". கடைசியில் மல்லாந்து படுப்பது. அதற்குச் சவாசனம் என்று பெயர் என அக்கா சொன்ன அன்றைக்கு ஒரு பாட்டி எழும்பி உட்கார்ந்துவிட்டார். "உசுரோட இருக்கையில எதுக்குப் பொணமாட்டம் படுக்கணும், அந்த நாள் வந்தா தானா படுப்பேன்!" சிரித்து முடிய ஐந்து நிமிடம் ஆனது. பிறகு யாரோ சொன்னார்கள், பெரிய சனிக்கிழமை ஆண்டவரும் இப்படித்தானே கல்லறையில் கிடந்தார் என்று. அன்றிலிருந்து எங்களுக்கு அது கல்லறை ஆசனம். பெரிய சனியைப் பற்றி நான் கேட்ட பிரசங்கம் எதுவும் அந்தச் சிமெந்துத் தரை அளவுக்கு எனக்குப் புரியவைக்கவில்லை ஃபாதர், மன்னிக்க வேண்டும்.

படுத்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், ஒருவர் குறட்டையே விடுவார். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி, தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக்கு ஓடுகிற பெண், கிழமையில் ஒரு நாள் பத்து நிமிடம் யாரும் கூப்பிடாமல் கிடப்பதை எந்தப் பிசாசு ஏற்பாடு செய்கிறது? அப்படி ஒரு நல்ல பிசாசு இருந்தால் தொழிற்சங்கத்துக்குத் தலைவராகப் போடலாம்.

சரி, விசுவாசத்துக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு வருகிறேன். கேட்க வேண்டிய கேள்விதான், அறிவித்தலோடு முடிந்துபோகிற கேள்வி இல்லை.

நாங்கள் மந்திரம் சொல்கிறோம் என்று குற்றம் சொன்னார் ஒருவர். ஆமாம், சொல்கிறோம். பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம். இந்தப் பெயரெல்லாம் நான் வைத்ததா? கோவில், பூசை, கொடியேற்றம், தேர் என்று நம் வாயில் வருகிற பாதிச் சொல் பக்கத்து வீட்டிலும் இருக்கிற சொல்தான். பெருநாளுக்கு மாதா தேர் இழுக்கும்போது தோட்டத்துத் தப்பு மேளம் அடிக்காவிட்டால் கோபித்துக்கொள்கிறவர்களே நாம்தான். தைப்பொங்கலுக்குக் கோவில் முற்றத்தில் பானை வைக்கிறோம். அது எல்லாம் பொருந்தும், ஒரு பெண் தரையில் உட்கார்ந்து மூச்சை எண்ணினால் மட்டும் பொருந்தாது என்றால், எந்த இடத்தில் கோடு கிழிக்கிறீர்கள் என்று எங்களுக்கும் சொல்லுங்கள்.

உடம்பால் செபிப்பது நம் திருச்சபைக்குப் புதுசும் இல்லை. முதலாம் அரசர் நூல் 18ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கர்மேல் மலை உச்சியில் மழைக்காக மன்றாடுகிற எலியா, தரையில் குனிந்து முகத்தை முழங்கால்களுக்கு நடுவில் வைக்கிறார். அக்கா எங்களுக்குக் காட்டித்தந்த, குழந்தை மாதிரிச் சுருண்டு கிடக்கிற ஆசனம் ஏறக்குறைய அதேதான். (மழைக்கு மட்டும் நாம் மன்றாடத் தேவையில்லை, இங்கே வேண்டியதற்கு மேலேயே பெய்கிறது.) புனித சாமிநாதர் (தொமினிக்) செபித்த ஒன்பது விதங்கள் என்று அவருடைய துறவிகள் அந்தக் காலத்திலேயே எழுதிப் படமும் போட்டு வைத்தார்கள். தலை தாழ்த்தி நிற்பது, நெடுஞ்சாண்கிடையாக விழுவது, கைகளைச் சிலுவை போல விரிப்பது, அம்பு மாதிரி தலைக்கு மேல் கையைக் குவித்து உயர்த்துவது, எல்லாம் அதில் இருக்கிறது. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தன் ஆன்மிகப் பயிற்சிகளில் ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாகப் பரலோக மந்திரம் சொல்லும் முறையையே கற்பிக்கிறார். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியர் மூச்சைக் கவனித்தால் அது தியானம், டிக்கோயாப் பக்கத்துக் கொழுந்துக்காரி கவனித்தால் பிசாசு வாசலா?

இனி ரோமாபுரி. அறிவித்தலுக்குப் பிறகு சபை அண்ணன் ஒருவர், "ரோமே தடை செய்துவிட்டது, நீங்கள் யார்" என்று கேட்டார். அவர் மனதில் இருந்தது 1989 அக்டோபர் 15ஆம் திகதி, ரோமில் விசுவாசப் போதனையைக் கவனிக்கிற விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவ தியானத்தைப் பற்றி ஆயர்களுக்கு அனுப்பிய கடிதமாகத்தான் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர் அன்றைக்குக் கர்தினால் ராட்சிங்கர், பிற்பாடு பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர். கோட்பாட்டு விசயத்தில் கடுமையான ஆள் என்று பேர் எடுத்தவர்தான். அந்தக் கடிதத்தை நான் உட்கார்ந்து முழுசாக வாசித்தேன். யோகாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, எச்சரிக்கையும் செய்கிறது, தடை என்று ஒரு சொல் போடவில்லை. உடம்புப் பயிற்சி தருகிற அமைதியையும் இதமான உணர்வையும், சிலருக்கு வருகிற வெளிச்சத்தையும் சூட்டையும், தூய ஆவி தருகிற ஆறுதல் என்று எடுத்துக்கொள்வது முழுத் தவறு என்கிறது. அதற்கு அடுத்த இடத்திலேயே, கிறிஸ்தவக் கீழைத் திருச்சபையிலிருந்தும் மற்றப் பெரிய சமயங்களிலிருந்தும் வருகிற உண்மையான தியான முறைகள், வெளியில் நெருக்கடி இருக்கும்போதும் ஒருவர் உள் அமைதியோடு கடவுள் முன் வந்து நிற்க உதவலாம் என்றும் சொல்கிறது. வெளி நெருக்கடி என்று எழுதும்போது அவர் ரோமில் எதை நினைத்தாரோ தெரியாது, எனக்கு லயத்தில் 10 அடிக் காம்பரா ஒன்றில், ஒரே அறையில், படுக்கிற ஏழு பேர்தான் நினைவுக்கு வந்தார்கள்.

அந்த எச்சரிக்கை சரியானது என்பதை நான் கண்ணால் கண்டேன். எங்களில் ஒரு தங்கச்சி, மூச்சுப் பயிற்சி முடிந்ததும் நெஞ்சில் சூடாக ஏதோ இறங்கியது, ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று அழத் தொடங்கினாள். உள்ளபடி சொன்னால் எனக்கே புல்லரித்தது. கடிதம் வாசித்திருந்ததால்தான் நாக்கைக் கட்டிக்கொண்டேன். "முதலில் தேத்தண்ணி குடி, வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாய்" என்றேன். இரண்டு மாதம் பேசாமலிருந்த மாமியாரோடு அடுத்த கிழமை அவள் பேசினாள், அதை வேண்டுமானால் ஆவியானவர் கணக்கில் எழுதலாம்.

எங்கள் ஆட்கள் வந்தது திருச்சிப் பக்கத்திலிருந்து. அந்தப் பக்கம், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் 1950இல் மொன்ஷானென், லே சோ என்று இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் சச்சிதானந்த ஆச்சிரமம் தொடங்கினார்கள், சாந்திவனம் என்றால்தான் ஊரில் தெரியும். காவி உடுத்து, தரையில் உட்கார்ந்து, நற்கருணைக்கு முன் மௌனமாக இருந்தார்கள். 1968இல் அங்கே வந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் 1993இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அவர்கள் செய்தது எல்லாம் எனக்குச் சம்மதம் என்று இல்லை, சில இடங்களில் எது எதனோடு கலக்கிறது என்று எனக்கே பிடிபடவில்லை. ஆனால் திருச்சபை அவர்களை வெளியே போடவில்லை.

அதற்கும் முன்னால் 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி, நம் தத்துவ போதகர், பூணூலும் சந்தனமும் குடுமியும் வைத்ததற்குச் சொந்தத் துறவற சபைக் குருக்களே கோள் சொன்னார்கள். வழக்கு ரோம் வரை போய், 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் மூட நம்பிக்கை கலக்காதவரை அவை இருக்கலாம் என்று தீர்த்தார். பிறகு 1744இல் இன்னொரு பாப்பரசர் சில வழக்கங்களுக்குத் தடை போட்டார் என்பதையும் மறைக்கவில்லை. நூறு வருசத்துக்கு மேல் இழுத்த வழக்கு அது. ஒரு குரல் பதிவுக்காக ஒரே ஞாயிற்றில் தீர்க்கிற விசயமா?

இனி எனக்குச் சாதகமில்லாத பக்கம். யோகா வெறும் உடற்பயிற்சிதான் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி யோகாவுக்குச் சொல்கிற எட்டு அங்கங்களில் ஆசனம் ஒன்றே ஒன்று, அதைப் பற்றியும் உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் அவர் அதிகம் சொல்வதில்லை. நம் திருமூலரும் அந்த எட்டையும் தமிழில் பாடியிருக்கிறார். போகிற இடம் அவர்களுக்கு வேறு. சித்தம் அடங்கி விடுபடுவதை அவர்கள் தேடுகிறார்கள், நாம் அருளைக் கேட்டு நிற்கிறோம், செபமாலை தொடங்கும்போதெல்லாம் "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்" என்கிறோம். அந்த வேறுபாட்டை நான் கரைக்க மாட்டேன். அதனால்தான் சூரிய நமஸ்காரத்தின் நாமங்களை நாங்கள் சொல்வதில்லை. சொல்ல வேண்டாம் என்று முதலில் சொன்னதே அக்காதான். "அது எங்க சாமிக்குச் சொல்றது, நீங்க ஒங்க சாமிக்கு ஒங்க வார்த்தையச் சொல்லுங்க" என்றார். சிலுவை அடையாளம் போடும்போது அவர் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் பொறுமையாக நிற்பார். இந்த விசயத்தில் எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் தெளிவு அதிகம்.

"கிறிஸ்தவ யோகா" என்று பெயர் போட்டுப் பலகை மாட்டலாம் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. அடுத்தவர் தோட்டத்துக் கொழுந்தை நம் கூடையில் போட்டுப் பெயர் பதிகிற மாதிரி. அந்தப் பேச்சு வெளியே போனதும் மாரியம்மன் கோவில் கமிட்டித் தாத்தா ஒருவர் என்னைப் பிரட்டுக்களத்துப் பக்கம் மறித்து, "எங்க யோகாவ எடுத்து ஏசு பேரப் போடுறீங்களாமே" என்றார். இந்தப் பக்கம் பிசாசு, அந்தப் பக்கம் திருட்டு! வாங்கினது வாங்கினதுதான் தாத்தா, யாரிடம் வாங்கினோம் என்று சொல்லித்தான் செய்கிறோம் என்றேன். முறைத்தார், பிறகு தன் முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களில் ஒரு அக்கா, மனசு இடம் கொடுக்கவில்லை என்று இடையில் நின்றுகொண்டார். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அவருக்காகவே நான் திரும்பத் திரும்ப வாசித்தேன், என் சாப்பாடு சகோதரனை விழவைக்குமானால் நான் இறைச்சியே உண்ண மாட்டேன் என்கிறார். உங்கள் பக்கம் இருக்கிற பெரிய நியாயம் இதுதான் ஃபாதர், பிரசங்கத்தில் இதை நீங்கள் எடுக்கவே இல்லை. அந்த அக்காவுக்காகத்தான் கோவிலுக்குள் செய்யாமல் மண்டபத்தில் வைத்தோம், அவர் இப்போதும் வந்து கதிரையில் இருந்து எங்களுக்காகச் செபமாலை சொல்கிறார், யாரும் அவரை வா என்றதும் இல்லை, ஏன் வரவில்லை என்றதும் இல்லை. பவுல் சொல்கிற பலவீனமான சகோதரனுக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, அவர் பக்கத்து லயத்தில் இருக்கிறார். முகம் தெரியாத குரல் பதிவுக்காக நான் எதை விடுவது?

எனக்கு உண்மையில் கோபம் வந்தது சாவிக்காக இல்லை. அறிவித்தல் நடந்த அன்றைக்குப் பின்னேரம் கோவிலடி அக்கா வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் வாசல் திண்ணையான இஸ்தோப்பிலேயே நின்று, "என்னால ஒங்களுக்குக் கரைச்சலா தங்கச்சி?" என்று கேட்டார். அம்மாவின் சேலையை மடித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. எங்கள் அப்பா செத்தபோது மூன்று நாள் அடுப்பெரித்துச் சோறு கொண்டுவந்த வீடு அது. "விசுவாசத்துக்குப் பொருந்தாது" என்பது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று சபையில் ஒருவராவது யோசித்தீர்களா? அதற்காவது யாராவது அந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். யோகா நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது உங்கள் கடன்.

மற்றபடி நாங்கள் கேட்பது பெரிதில்லை. ஒரு ஞாயிறு வந்து கதிரையில் இருந்து பாருங்கள் ஃபாதர், முடிந்தால் கீழேயும் உட்காருங்கள், உங்களுக்கும் முதுகு வலிக்கிறது என்று பீடத்தில் நிற்கும்போதே தெரிகிறது. ஏதாவது ஒரு சொல்லோ செயலோ தவறு என்று கண்டால் சொல்லுங்கள், அந்த இடத்திலேயே விடுகிறோம். பார்த்துவிட்டும் வேண்டாம் என்றால், காரணத்தை அந்த 17 பேருக்கும் நேரில் சொல்லுங்கள்.

இப்போதைக்கு அம்மாவின் இஸ்தோப்பில் ஆறு ஆறு பேராகச் செய்கிறோம், தூவானம் அடிக்கிறது, கால் நீட்ட இடமில்லை, நாய் வேறு நடுவில் வந்து படுக்கிறது. சாவி தர இன்னும் நாள் எடுக்கும் என்றால் ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். மண்டபத்தில் வடக்கு ஜன்னலோரம் எங்கள் உரப்பையும் கம்பளியும் அடுக்கியபடியே இருக்கின்றன, அந்த ஜன்னல் ஒழுகும். பூஞ்சணம் பிடிப்பதற்குள் அதை எடுத்து வெளியே தந்துவிடுங்கள். சிவப்புக் கம்பளி அம்மாவுடையது, அது இல்லாமல் இரவில் குளிர்கிறது என்கிறார்.

இப்படிக்கு,
மேல் டிவிஷன் டீச்சர்